சட்டியில் என் பக்கம்

என் வீட்டின் எஜமானிக்கு,

ஆஸ்பத்திரியில் கம்பளி போதுமா? இங்கே ஆடுகள் நலம். உன் புதினாவுக்கும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

அன்று டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "வீட்ல கறியே வாங்க மாட்டீங்களா? இவ உடம்புல ரத்தமே இல்லையே!" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரே சட்டியிலதாம்மா எல்லாரும் கை வைக்கிறோம். யாருக்கும் குறை வைக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டேன். பள்ளியில் சத்துணவுப் பாடம் நடத்துகிறவன் அல்லவா நான்.

நேற்று மதியம் நானே மண்சட்டியில் ஆட்டுக்கறி தஜீன் குழம்பு வைத்தேன். உருளைக்கிழங்கு குழைந்துபோனது. நானும் நம் மகள் இத்தோவும் சட்டிக்கு இருபுறமும் உட்கார்ந்தோம். அவள் ரொட்டித் துண்டால் தன் பக்கத்துக் கறியை மெல்ல என் பக்கம் தள்ளினாள். "உனக்கு வேணாமாடி?" என்றேன்.

"எனக்குக் கொழம்பே போதும்ப்பா. கறி பிடிக்காது."

எட்டு வயதுக் குழந்தை. நீ தினமும் சொல்லும் அதே வார்த்தை, அதே குரல்.

நமக்குக் கல்யாணமான இந்தப் பதினோரு வருஷமாக என் பக்கத்தில் மட்டும் கறி தீராமல் இருந்தது. ஏன் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

அவளைத் தடுக்கத்தான் வாயெடுத்தேன். அவள் பங்கு ஏற்கெனவே என் வாயில் இருந்தது.

இப்படிக்கு,
உன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன்