குசுகுசுவென்று ஒரு சண்டை

அன்புக் கண்ணா,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன், கப்பல் முழுக்கச் சமைத்துப் போடுகிறவன் தன் வயிற்றை மறந்துவிடுவான் என்பது எனக்குத் தெரியாததா. போனில் பேசினால் பாதியைக் கடல் விழுங்கிவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன், கரையில் இறங்கியதும் உட்கார்ந்து நிதானமாகப் படி.

உன் மகனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இரண்டு மாதம் முந்திக்கொண்டு பிறந்தவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒயரும் குழாயுமாகவே பார்த்துப் பழகிவிட்டு, திடீரென்று ஒரு துணியில் சுற்றி, இந்தாங்க என்று நர்ஸ் நீட்டியதும் நான் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டேன். மருமகள்தான் தைரியமாக வாங்கிக்கொண்டாள். வண்டியை உன் அப்பா ஓட்டினார், ஓட்டினார் என்று சொல்வதே அதிகம், பின்னால் சைக்கிளில் வந்தவன் மணியடித்து முந்திக்கொண்டு போனான்.

இவனுக்கு இன்னும் உடம்புச் சூடு நிற்கவில்லையாம். கங்காரு மாதிரி யாராவது வெறும் மாரில் போட்டு அணைத்துக்கொண்டே இருக்கவேண்டும், எடை ஏறவேண்டும், இறங்கினால் மறுபடி பெட்டிதான் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். மருமகளுக்கு ஆபரேஷன் செய்த இடம் வலிக்கிறது, பாவம், எவ்வளவு நேரம்தான் சாய்ந்தே கிடப்பாள். எனக்கோ பாழாய்ப்போன இருமல், முகமூடி போட்டுக்கொண்டு சமையலறை வாசலோடு சரி. நீ கடலில். அப்படியானால் தாத்தா வெச்சுக்கலாமே என்று நர்ஸ் சொன்னபோது உன் அப்பா முகத்தைப் பார்த்திருக்கவேண்டும், வீட்டுக்குள் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடச் சட்டையை மாட்டிக்கொண்டு வருகிற மனிதர். ஆனாலும் முடி பிள்ளையின் மூக்கில் ஏறிவிடுமோ என்று பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு மாரை மழித்து, உரித்த கோழி மாதிரி வெளியே வந்து நாற்காலியில் சாய்ந்தவர்தான். பிள்ளையைப் போட்டுப் போர்த்திவிட்டதும் கல்லாய்ச் சமைந்துவிட்டார். மூக்கு அரித்தால்கூடக் கண்ணால் என்னைத்தான் கூப்பிடுகிறார்.

இந்தக் கோலத்தில் இருக்கும்போதுதான் உன் சித்தப்பா வந்தார். ஆமாம், அவரேதான். அப்பாவோடு சேர்ந்து நடத்திய ஒர்க்‌ஷாப் ஏணி யாருடையது என்று மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அதே சித்தப்பா. நான் ஒண்ணும் கொழந்தையப் பாக்க வரலண்ணி, என் ஏணிய எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன் என்றார். ஏணி எடுக்க வருகிறவர் எதற்குக் குளித்து, துவைத்த சட்டை போட்டு, நகம் வெட்டிக்கொண்டு வரவேண்டும்? நான் முழங்கை வரை சோப்புப் போடச்சொல்லி உள்ளே விட்டேன்.

அப்பாவால் எழுந்து போகவும் முடியாது, சத்தம் போடவும் முடியாது. யார்ரா உன்னை உள்ள விட்டது என்று மூச்சுக்காற்றில் கேட்டார். சித்தப்பாவும் அதே மூச்சுக்காற்றில், ஏணிக்குப் பதில் சொல்லு முதல்ல என்றார். அப்புறம் மூன்று வருஷத்துச் சண்டையும் குசுகுசுவென்று நடந்தது. மானங்கெட்டவனே என்று அப்பா சொன்னது ஏதோ கொஞ்சுகிற மாதிரி இருந்தது கண்ணா, நான் முகமூடிக்குள் சிரித்துச் செத்தேன்.

திடீரென்று அப்பா முகம் வெளிறிவிட்டது. டேய், மூச்சு விடுறானா பாரு, எனக்குத் தெரியலடா என்றார். சித்தப்பா அப்படியே மண்டிபோட்டு, பிள்ளையின் முதுகோடு காதை ஒட்டினார். உள்ளே மருமகள் தூங்குகிறாள், எனக்கு உன் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. இரண்டு பேரும் தங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அப்போது விட்டான் பார் உன் மகன் ஒரு குசு. அந்தத் துளி உடம்பில் அவ்வளவு பெரிய சத்தம் எங்கேதான் இருந்ததோ. கூடவே கொட்டாவியும் விட்டுக் காலை நீட்டினான். அண்ணனும் தம்பியும் சத்தம் வராமல் சிரித்த சிரிப்பில் பிள்ளை அப்பா மாரில் தோணி மாதிரி ஆடினான், இருவருக்கும் கண்ணில் தண்ணீர். அது சிரிப்பால் மட்டும் வந்ததில்லை என்று எனக்குத் தெரியும், நீ கேட்டுவிடாதே.

கால் மரத்துப்போச்சுடா என்றார் அப்பா. சித்தப்பா சட்டையைக் கழற்றினார். அன்றிலிருந்து காலையில் இவர், சாயங்காலம் அவர். நேற்று எடை பார்த்தோம், நன்றாக ஏறியிருக்கிறது, இனிப் பெட்டி வேண்டாம் என்றுவிட்டாள் நர்ஸ். யார் மாரில் ஏறிய எடை என்று வீடு வரும்வரை வண்டியில் ஒரே தகராறு, இந்த முறை சத்தமாகவே.

மருமகளுக்கும் புண் ஆறிவருகிறது, அவளைப் பற்றிக் கவலைப்படாதே. உனக்கும் உன் பிள்ளைக்கும் எந்தக் குறையும் வராமல் நூறு வயது இருக்க என் ஆசி. லீவு கிடைத்ததும் ஒரு நாளும் தாமதிக்காமல் கிளம்பு, அந்தச் செண்ட்டை மட்டும் பூசிக்கொண்டு வராதே, பிள்ளைக்கு ஆகாது. இவர்கள் இரண்டு பேரும் உனக்காக அந்த நாற்காலியில் இடம் பிடித்துத்தான் வைத்திருக்கிறார்கள். படியேறும்போதே சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு வா.

என்றும் உன் நினைவாக,
அம்மா