உன் மகளின் கல்யாண மேக்கப்பை ரிஜெக்ட் செய்தேன்

என் உயிரினும் பெரிய சரசக்கா,

திருப்பூரே அதிரும் சேதி! வருகிற தையில் உன் மகள் காவ்யாவுக்குக் கல்யாணம். விமானத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற பந்தலுக்குச் சொல்லிவிட்டேன். தாய்மாமன் என்றால் சும்மாவா?

அதற்குள் ஒரு யுத்தம். மேக்கப் ட்ரையலுக்கு மாப்பிள்ளையின் அத்தை வந்திருந்தார். "பொண்ணு நிறம் கம்மிங்க. ரெண்டு ஷேடு ஏத்திப் போடுங்க, போட்டோவுல அப்பத்தான் எடுப்பா இருக்கும்" என்றார். மேக்கப் போடும் பெண்ணும் அப்படியே போட்டாள். ஃபிளாஷ் அடித்து ஒரு படம் எடுத்தோம். அடடா! முகம் இமயமலை. கழுத்து மட்டும் நம் ஊர்க் கழுத்து.

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தே தலை நரைத்தவன் விடுவேனா? "காலர் ஒரு சாய லாட், உடம்பு ஒரு சாய லாட். பீஸ் ரிஜெக்டுங்க!" என்றேன்.

அத்தை முறைத்த முறைப்பில் ஊர்க்கோடி நெருப்பெரிச்சல் வரை கரண்ட் கட்டாகியிருக்கும்.

அப்போது காவ்யா பையிலிருந்து உன் கல்யாணப் படத்தை எடுத்தாள். யாரோ அப்பிவிட்ட பவுடரில், சாம்பல் பூத்தாற்போல் நிற்பாயே, அதேதான். நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் படமென்று மிஞ்சியது அது ஒன்றுதானே அக்கா?

"சின்ன வயசுல இதைக் காட்டி அம்மான்னாங்க. இது எங்கம்மா இல்லைன்னு அழுதேனுங்க. நாளைக்கு எம்புள்ளையும் என் போட்டோவப் பாத்து, இது யாருன்னு கேக்கக் கூடாதுங்க."

"கருப்பாத் தெரிவியே கண்ணு?"

"கருப்புத்தானுங்களே அத்தை. தெரியட்டுமுங்க."



காவ்யா முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து நின்றாள். தாடையிலும் கழுத்திலும் தடவித் தடவிப் பார்த்து, தடவிய இடமே தெரியாத ஷேடாகத் தேர்ந்தெடுத்தார்கள். மறுபடி ஃபிளாஷ். படத்தில் யார் தெரியுமா? நீ! கோபத்தில் விடைக்குமே, அந்த மூக்கோடு.

"கல்யாணத்தன்னைக்குப் பாத்துக்கலாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அத்தை கிளம்பினார். பார்க்கட்டும். அன்று மேக்கப் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்காரப்போகிறேன். படையே திரண்டு வந்தாலும் வெளுப்பு டப்பா ஒன்றுகூட என்னைத் தாண்டாது.

கல்யாணத்தன்று எடுக்கும் அவளுடைய முதல் படத்தை உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவேன். உன் படத்தைக் காட்டி இது யாரென்று எவராவது கேட்டால், அவள் படத்தைக் காட்டி, எங்கக்கா முகம் இதுதானுங்க என்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் முகத்தை மறக்காத தம்பி,
காவ்யாவின் ஒரே தாய்மாமன்