இல்லாத மீசை

1957 ஆவணி, வெள்ளிக்கிழமை

மகள் செல்லத்தாய்க்குக் கல்யாணம் பேசிய அன்றே காவி வேட்டியைப் பெட்டிக்குள் போட்டேன். ஊரை ஏமாற்றும் பிழைப்பு அதோடு சரி என்றிருந்தேன். இன்று தலையையும் மீசையையும் மழித்துவிட்டு மறுபடி உடுத்தினேன்.

தலைப்பிரசவத்துக்கு மகளை அனுப்ப மாட்டேன் என்கிறாள் சம்பந்தியம்மா. அந்த வீட்டில்தான் மூத்த மருமகள் ஆஸ்பத்திரி பார்க்காமலே பிரசவத்தில் செத்தாள். எப்படிச் சும்மா இருப்பது?

கல்யாணத்தில் என்னை மீசையும் தலைப்பாகையுமாகப் பார்த்தவள், இன்று தன் வீட்டு வாசலுக்கு வந்த மொட்டைத் தலைச் சாமியாரின் காலில் விழுந்தாள். விராலிமலை முருகனுக்குப் படைத்த சுருட்டைக் கொடுத்து, "பிள்ளை தாய்வீட்டுல பொறக்கணும்" என்றேன்.

"அவ அப்பன் வீட்டுக்கு மட்டும் அனுப்பமாட்டேன் சாமி."

மகள் கொண்டுவந்த மோரை வாங்கிக் குடித்தேன். சட்டென்று அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"எனக்கும் போக இஷ்டமில்ல சாமி. இங்கயே இருந்துக்கிறேன்."

மருமகள் ஆசைப்பட்டது நடக்கக் கூடாது சம்பந்தியம்மாவுக்கு. "ஒன் இஷ்டத்த யாரு கேட்டா? சாயங்கால பஸ்ஸுக்கே கெளம்பு" என்றாள்.

மாப்பிள்ளை அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போகும்வரை, காய்ச்சல் என்று போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தேன். அவர் போனதும் செல்லத்தாய் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மோரக் குடிச்சிட்டு இல்லாத மீசையத் தொடச்சீங்க. அத்தை பாத்துறக் கூடாதுன்னுதான் குறுக்க வந்து நின்னேன்."

என் தொழிலைப் பற்றி அவளிடம் நான் ஒருநாளும் பேசியதில்லை. போக இஷ்டமில்லை என்று சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்புக்கூடக் காட்டாமல் நின்றாளே.