ஏரிக்கரையில் பறந்த கவர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டி வலி குறைஞ்சுதா? என் மக யாழினி உங்களைப் படுத்தாம சாப்பிடுறாளா? நான் ஓசூர்ல சுகம்தான்.

போன வாரம் எங்க கம்பெனியில, ஏரியைக் காப்பாத்தச் சொல்ற படப் புத்தகங்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாங்க. பேக்கிங்ல இருக்கிற எங்களை ஒவ்வொரு புத்தகத்துக்கும் பிளாஸ்டிக் கவர் போட வச்சாங்க. எதுக்கு சார்னு கேட்டா, அழுக்காகக் கூடாதாம். ஏரிக்கரையிலதான் விழா. பிள்ளைங்க பிரிச்ச கவரெல்லாம் காத்துல பறந்து தண்ணியில விழுந்துச்சு. பொறுக்க இறங்கினேன். "போட்டோவுல நீ தெரியிற, தள்ளிப் போ"ன்னு மேனேஜர் விரட்டுறான். இன்னும் வயிறு எரியுதுப்பா.

யாழினிக்கும் ஒரு புத்தகம் அனுப்புறேன். ஞாயித்துக்கிழமை போன்ல எனக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. கம்பெனி பஸ் ஹாரன் அடிக்குது, முடிச்சுக்கிறேன். புத்தகத்தோட பிளாஸ்டிக் கவரைக் கிழிச்சுட்டுத்தான் அனுப்புறேன். மத்த புத்தகங்களுக்கெல்லாம் அந்தக் கவரைப் போட்டது அவ அம்மான்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க.

உங்க மக,
சத்யப்ரியா