ஒரு நாள்தானே என்று நான் சொன்னது

அன்புள்ள பொடிசுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அங்கே நீ சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம், பூனை நலம், சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நானும் நலம் என்று அடுத்த வரியை எழுதுவதுதான் முறை, இந்தத் தடவை அதை மட்டும் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். முப்பத்திரண்டு வயதுக்காரியைப் போய்ப் பொடிசு என்று எழுதலாமா என்று அம்மா கேட்கிறாள். உன் முழுப்பெயரை எழுதினால் ஏதோ ஆபீசுக்கு மனுப் போடுகிற மாதிரி இருக்கிறது, பொடிசே இருக்கட்டும். வாராவாரம் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் எனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, அதுதான் காரணம். உன் சிறுநீரகத்தில் ஒன்றை எனக்குத் தருவதாக மூன்று ஞாயிற்றுக்கிழமை நீயாகச் சொன்னாய், மூன்று தடவையும் நான், அது கெடக்கட்டும், நேத்து மேட்ச் பாத்தியா என்று பேச்சை மாற்றினேன். நீயும் பாவம், பார்க்காத மேட்சைப் பார்த்ததாகச் சொல்லி என்னோடு கூடப் பேசினாய். ஆஸ்பத்திரியில் அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குமுன் நான் செய்த ஒரு காரியம் உனக்குத் தெரிய வேண்டும், எப்படிப்பட்ட ஆளுக்குத் தருகிறாய் என்று தெரிந்து நீ முடிவு செய்ய வேண்டும்.

டயாலிசிஸ் என்றால் வாரத்தில் மூன்று நாள் படுத்தபடி டிவி பார்ப்பது, ராஜ வாழ்க்கை என்று உன்னிடம் அளந்திருக்கிறேன். படுப்பதும் டிவியும் உண்மைதான். செவ்வாய், வியாழன், சனி, மதியம் ஒரு மணியிலிருந்து ஐந்து வரை. எங்கள் அறையில் நான்கு கட்டில், நான்கு மெஷின், நான்கு தேசம். கதவோரம் பஸ் டிரைவர், அடுத்தது டைல்ஸ் ஒட்டுகிறவன், மூன்றாவது நான், ஜன்னலோரம் தையல்காரம்மா. எங்களுக்குப் பொதுவாக ஒரு மொழி உண்டு, அது நாலு பேருக்குமே அரைகுறை, அதனால் சண்டை கூட ஒழுங்காகப் போட முடியாது. உலகக் கோப்பை ஆரம்பித்ததும் சிஸ்டர் மதிய ஆட்டத்தை டிவியில் போட்டுவிட்டார். எங்களில் மூன்று பேருக்குக் கால்பந்தில் பந்து ஒன்று என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. பஸ் டிரைவருக்கு எல்லாமே ஓவர்டேக், ஹாரனே அடிக்காம உள்ள வர்றான் பாருங்கய்யா, லைசென்ஸைப் புடுங்கணும் என்பார். தையல்காரம்மா சட்டையைப் பார்த்துதான் அணியை எடை போடுவார், அக்குள்ல தையல் இழுக்குது, இவங்க தோத்துருவாங்க என்று ஒரு நாள் சொன்னார், தோற்றார்கள். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவனுக்கு மேலே போவதும் கீழே வருவதும்தான் புரியும், ஆஃப்சைடு என்றால் என்ன என்று டைல்ஸ்காரன் எனக்கு எட்டுத் தடவை விளக்கினான், பத்தாவதில் கணக்கு வாத்தியாருக்கு ஆட்டிய அதே தலையை நான் அவனுக்கும் ஆட்டினேன். தையல்காரம்மாவின் நாடு பஸ் டிரைவரின் நாட்டை மூன்று கோல் போட்டு வீட்டுக்கு அனுப்பியதில் இரண்டு பேரும் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு டிரைவர்தான் இறங்கி வந்தார், ரத்தத்தைச் சுத்தம் பண்ற எடத்துலயே என் மானத்தை வாங்கிட்டீங்களேம்மா என்றார். மானம் கனமா இருந்துச்சோ என்னவோ, இன்னிக்கு உங்க எடை கொறைஞ்சிருக்கு பாருங்க என்றார் அந்த அம்மா. எடை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குச் சிறுநீர் போகாது, குடிக்கிறதெல்லாம் உடம்பிலேயே நிற்கும். உள்ளே நுழைந்ததும் எடை பார்ப்பார்கள், போன தடவையைவிட எத்தனை கிலோ கூடியிருக்கிறதோ அத்தனையும் நாம் வாங்கிய கோல் என்று டைல்ஸ்காரன் ஒரு கணக்கு வைத்திருந்தான். இரண்டுக்குள் வந்தால் சிஸ்டர் சிரிப்பார், மூன்றைத் தாண்டினால் திட்டு. அவன் எடை மெஷினில் ஏறும்போது கோல்கீப்பர் மாதிரி கை இரண்டையும் விரித்துக்கொண்டு நிற்பான், கையை எறக்கு, முள்ளு ஆடுது என்று சிஸ்டர் கத்துவார்.

டைல்ஸ்காரனுக்கு ஐம்பத்தொரு வயது. கட்டிலில் படுத்தபடியே தரையைப் பார்த்து, எவன்டா இதை ஒட்டினது, கோடு எங்க போகுதுன்னு அவனுக்கே தெரியாது என்று திட்டிக்கொண்டிருப்பான். வேறு நாட்டில் அவனுக்கு ஒரு மகன். அந்த மகனிடம் முதுகுவலிக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று இரண்டு வருஷமாகச் சொல்லி வந்தான், அதை எங்களிடம் ஒரு சாமர்த்தியம் போலச் சொல்வான், நாங்களும் சிரிப்போம். அவன் நாடு இந்த முறை கால் இறுதிக்கு வந்துவிட்டது, அவன் பிறந்ததிலிருந்து வந்ததில்லையாம். ஆட்டம் வியாழக்கிழமை இரண்டு மணிக்கு, நாங்கள் ஊசி குத்திப் படுத்திருக்கும் நேரம். அவன் நாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரு பெயிண்ட் கடை மாடியில் பெரிய திரை கட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. நோய் வந்த நாளிலிருந்து அவன் அவர்கள் பக்கமே போனதில்லை, வேலைக்கு ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று. ஒரே ஒரு நாள் அவங்க நடுவுல நின்னு கத்தணும் என்றான். செவ்வாய்க்கிழமை சிஸ்டரிடம், வியாழனுக்குப் பதில் வெள்ளி காலையில் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். கட்டில் இல்லை, தவறவிடவும் கூடாது, உசுரோட வெளையாடாதீங்க என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போனார். அவன் என் பக்கம் திரும்பினான். நான் சொன்னேன், ஒரு நாள்தானேப்பா, போய்ட்டு வா. அதோடு நிறுத்தியிருக்கலாம். இவங்க இப்படித்தான் பயமுறுத்துவாங்க, நான் இங்க வர்றதுக்கு முன்னாடி, வேற ஆஸ்பத்திரியில இருந்தப்ப, வெளியூர் போய் ரெண்டு முறை சேந்தாப்புல போகல, குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன் பாரு என்றேன். பொடிசு, அது பச்சைப் பொய். இந்தப் பத்தொன்பது மாதத்தில் நான் பத்து நிமிஷம் கூடத் தவறவிட்டதில்லை, பயத்தில் அரை மணி முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன் நான். நாலு பேர் நடுவில் கொஞ்சம் பெரிய ஆள் மாதிரி இருக்க வேண்டும் என்று வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. ஜன்னலோரத்திலிருந்து தையல்காரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வியாழக்கிழமை நாங்கள் மூன்று பேரும் அந்த ஆட்டத்தைப் பார்த்தோம். கூடுதல் நேரம் போய் பெனால்டியில் அவன் நாடு ஜெயித்தது. பஸ் டிரைவர் ஊசி குத்தாத கையால் தொடையில் தட்டினார், நான் காலிக் கட்டிலைப் பார்த்து, படவா, இப்ப எப்படிக் குதிச்சுக்கிட்டு இருப்பான் என்றேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவனே போன் செய்தான். குரல் கட்டிப்போய் மூச்சு வாங்கியது. கத்துனதுல போச்சா என்று கேட்டேன், ஆமாம் என்றான். கால் வீங்கிச் செருப்பு ஏறமாட்டேன் என்கிறது, நேற்று அங்கே அவர்கள் கொடுத்ததை எல்லாம் குடித்தேன், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்றான். நாளைக்கு அஞ்சு கோலோட வருவ, சிஸ்டர்கிட்ட மாத்து வாங்கப்போற என்று சிரித்தேன். அவனும் சிரித்தான், சிரிக்கும்போது நடுவில் நிறுத்தி மூச்சு எடுத்தான். உடனே ஆஸ்பத்திரிக்குப் போடா என்று ஒரு வார்த்தை, பொடிசு, ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. லிஃப்டில் ஒரு ஆள் கூடிவிட்டால் மணி அடிக்கும், கதவு மூடாது. முப்பது வருஷம் அந்த மணியைத்தான் ரிப்பேர் செய்தேன், அவன் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. சனிக்கிழமை நான் போனபோது இரண்டாம் கட்டிலில் விரிப்பை எடுத்துவிட்டு வெறும் மெத்தை கிடந்தது. காலையில் படியிறங்கும்போது நெஞ்சு நின்றுவிட்டது என்று சிஸ்டர் சொன்னார். அன்றைக்கு யாரும் டிவியைப் போடச் சொல்லவில்லை. எடை பார்க்கும்போது எனக்கு ஒன்றரைதான் கூடியிருந்தது, நல்லா இருக்கு என்றார் சிஸ்டர், என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை அவன் மகன் வந்தான். உன் வயதுதான் இருக்கும், அப்பாவின் அதே காது. லாக்கரில் இருந்த போர்வையையும் செருப்பையும் வாங்கிக்கொண்டு அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அப்பா எவ்வளவு நாளாக இங்கே வருகிறார் என்று கேட்டான், இரண்டு வருஷம் என்று பஸ் டிரைவர் சொன்னார். மகன் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். வாரா வாரம் போன் பேசுவோம், மேட்சைப் பத்தித்தான் பேசுவார், முதுகு எப்படி இருக்குன்னா அதுக்கும் மேட்சைத்தான் சொல்வார் என்றான். பிறகு என்னைப் பார்த்து, நான் குடுத்திருப்பேன், இல்ல பயந்து மாட்டேன்னு சொல்லியிருப்பேன், எதுன்னு எனக்கே தெரியாது, அவர் கேக்கவே இல்லையே என்றான். நான் அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும், உங்கப்பாவை அனுப்பி வைத்தவன் நான்தான் என்று. வாய் வரை வந்தது. ரெண்டு கையிலும் செருப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனிடம் அதைச் சொன்னால் பாரம் எனக்குக் குறையும், அவனுக்குக் கூடும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சமாதானமா கோழைத்தனமா என்று நீ முடிவு செய்துகொள். அவன் முகவரி எழுதிய சீட்டு என்னிடம் இருக்கிறது, அவனுக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும், இது முடிந்ததும் அது. தையல்காரம்மா இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. நேற்று பை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மட்டும், அன்னிக்கு நீங்க சொன்னது நெசமா என்றார். இல்லம்மா என்றேன். தெரியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மாவுக்கு இந்தப் பொய் விஷயமும் தெரியும், எழுத உட்காருமுன் சொல்லிவிட்டேன். திட்டவில்லை, பாதி நறுக்கிய வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். சர்க்கரை இருப்பதால் அவளால் தர முடியாது என்று சொன்ன நாளிலிருந்து அவளுக்கு உன்னை நினைத்தும் பயம், என்னை நினைத்தும் பயம். கேக்கறதுன்னா நீங்களே கேளுங்க, என் வாயால அவளைக் கேக்க வச்சிராதீங்க என்றாள். சரி, கடைசிக்குத் தள்ளி வைத்த வரிக்கு வருகிறேன். நான் நலமாக இல்லை. மெஷினில் நான்கு மணி நேரம் படுத்து எழுந்தால் வீட்டு மாடி ஏற இரண்டு தடவை உட்கார வேண்டியிருக்கிறது. இதில் இன்னும் கொஞ்ச வருஷம் ஓட்டலாம் என்கிறார் டாக்டர், எவ்வளவு என்று கேட்டால் பேப்பரைப் புரட்டுகிறார். எனக்கு இன்னும் இருக்க ஆசையாக இருக்கிறது, அவன் போன பிறகும் அந்த ஆசை குறையவில்லை, அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் சிறுநீரகம் எனக்கு வேண்டும், பொடிசு. தருவாயா? பயமாக இருந்தால், இப்படிப்பட்ட ஆளுக்கு எதற்கு என்று தோன்றினால், மாட்டேன் என்று ஒரு வரி போதும். காரணம் வேண்டாம், அந்த ஞாயிறும் நான் இதே அப்பாவாகத்தான் போனை எடுப்பேன். ஆனால் நான் கேட்கவில்லை என்று இனி நீ யாரிடமும் சொல்ல முடியாது. கேட்டுவிட்டேன்.

நீ எந்தப் பதில் சொன்னாலும் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல், தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். ஒன்றை மறக்காதே, என் டாக்டர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாதே, முதலில் அங்கே உனக்கென்று ஒரு டாக்டரைப் பார், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவன் நாடு அரை இறுதியில் தோற்றுவிட்டது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது கோப்பையே முடிந்திருக்கும், பேச்சை மாற்ற என்னிடம் மேட்சும் இருக்காது.

இப்படிக்கு,
உன் அப்பா,
மூன்றாம் கட்டில்