பெரிய வெள்ளியில் ஒரு கச்சேரி

ஜனவரி 12, 2025. ஞாயிறு

திண்டிவனம். இரண்டாம் பூசை முடிந்ததும் மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள மறைக்கல்வி அறையை எங்களுக்குத் திறந்துவிட்டார்கள். மரிய அருண் கிட்டார், குரல். கோகுல் டிரம்ஸ். நான் பேஸ். பாட்டு எழுதுவதும் நான்தான். காலையில் பாடகர் குழுவில் பாடிய அதே தொண்டையோடு மதியம் எங்கள் பாட்டைப் பாடுகிறான் அருண். இடையில் ஒரு டீ.

குரல் என்றால் என்ன என்று முதுகலையில் பக்கம் பக்கமாகப் படித்தேன். அவன் பாடும்போது அதில் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

சென்னையிலிருந்து மெயில். தனி இசைக்குழுக்களுக்கான விழா. ‘கல்மரம்’, ஏப்ரல் 18 மாலை. திருவக்கரைக் கல்மரங்களைப் பார்த்து எங்கள் குழுவுக்கு வைத்த பெயர். விழுப்புரம், திண்டிவனம் தாண்டி இதுவரை யாரும் எங்களைக் கூப்பிட்டதில்லை.

அருண்தான் முதலில் கத்தினான்: “அன்னிக்கு கவர்மென்ட் லீவுடா! கூட்டம் பிச்சிக்கும். ஜல்தியா ஓகே போடு.”

போட்டேன். என்ன விடுமுறை என்று மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்து நின்றான் அருண்.

“பேஜாராயிடுச்சு தென்னரசு. ஏப்ரல் பதினெட்டு பெரிய வெள்ளி.”

இயேசு இறந்த நாள். முந்தின இரவிலிருந்து ஈஸ்டர் வரை கோயிலில் எந்த வாத்தியமும் ஒலிக்காது. மணிகூட இல்லை; மரப்பலகையைத் தட்டுவார்கள். அன்று மாலை இயேசு பட்ட பாடுகளின் வரலாற்றை மூன்று பேர் வெறும் குரலில் பாடுவார்கள். இயேசுவின் வரிகள் அருணுக்கு.

வருடா வருடம் தேதி மாறும் நாள். ஜனவரியில் யார் நினைப்பது.

மார்ச் 6

விழாத் தேதியை மாற்ற முடியாதாம்.

மார்ச் 16, ஞாயிறு

அருண் வீட்டில். கோகுல் தன் வழியில் முயன்றான்.

“மூணாம் நாள் எப்டியும் எழுந்துக்கப் போறாரு. நமக்காக ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்க மாட்டாரா?”

அருண் சிரித்துவிட்டான். அவன் அம்மா அமலோற்பவமேரியும் சிரித்தார்.

“நான் போவாதன்னு சொல்லல தம்பி,” என்றார் என்னிடம். “கோயில்ல பாட வேற ஆளு கெடைப்பாங்க. இவனையே கேளுங்க.”

“போலாம்மா. போயி மேடையில நின்னா வாய் தொறக்காது. அன்னிக்கு கிட்டார தொட்டா ஒடம்பு கூசும் எனக்கு. பயம்லாம் இல்ல. எப்டி சொல்றது…”

எனக்கு ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. வருடத்தில் எந்த நாளாவது என்னை இப்படித் தடுத்து நிறுத்துமா? பொறாமையா இது?

“வானூர்ல கலைமதி பாடுது இல்ல, அத கூப்புடு,” என்றான் அருணே. “நான் சொல்லித் தரேன்.”

மார்ச் 30, ஞாயிறு

கலைமதி கிட்டாரோடு வந்தாள். ‘கிராசிங்’ — விழுப்புரம் ஜங்ஷனில் எதிர் வண்டிக்காகக் காத்துக் கிடக்கும் ஆட்களைப் பற்றி நான் எழுதிய பாட்டு. அருண் வரி வரியாகக் கொடுத்தான்.

“இங்க மூச்சு எடுக்காத கலை. முட்டட்டும். அடுத்த வரில வுடு.”

தன் குரலை மடித்து இன்னொருவர் கையில் — இல்லை, உவமை வேண்டாம். கொடுத்தான்.

ஏப்ரல் 18, வெள்ளி

கலைமதி பாடினாள். கூட்டம் எழுந்து நின்றது. யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

இதை எழுதத்தான் வேண்டும்: எனக்கும் தெரியவில்லை. நடுவில் ஒருமுறை, அருண் எப்போதும் நிற்கும் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 20

ஈஸ்டர். அருணின் குரல் செய்தி. “வீடியோ பாத்தேன். ரெண்டு வாட்டி. கலை சூப்பர்டா.” தொண்டை கட்டியிருந்தது.

மே 21, புதன்

வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. பெங்களூர் கூப்பிடுகிறது, கொச்சி கூப்பிடுகிறது. இன்று பெங்களூர்க்காரர் போனில் கேட்டார்: “அதே டீம்தானே? அந்தப் பொண்ணுதானே பாடுவாங்க?”

ஆமாம் என்றேன்.

யோசித்து அல்ல. யோசிக்காமலும் அல்ல.

அருணிடம் நேரில் போய்ச் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

“பாட்டு போய்க்கினு இருக்குது. நடுவுல ஆள மாத்தாத,” என்றான். பிறகு, “இருந்து சாப்புட்டுப் போ. அம்மா மல்லாட்டை வேவ வெச்சிருக்குது.”

உட்கார்ந்து தின்றேன். கடலையை உரித்து உரித்துத் தின்றேன். என்ன ஆள் நான்? ஒரு வார்த்தை — ‘நீ வாடா’ன்னு ஒரே ஒரு வார்த்தை — வாயில வரலையே.

ஆகஸ்ட் 23, சனி

விழுப்புரம். சொந்த மாவட்டத்தில் டிக்கெட் வைத்து முதல் கச்சேரி. மண்டபம் நிறைந்துவிட்டது. அருண் வந்தால் நேரே உள்ளே விடும்படி வாசலில் சொல்லி வைத்திருந்தேன். அவன் வரிசையில் நின்று வந்தான்.

“ஒம் பேரு குடுத்து வெச்சிருந்தேனே.”

“எதுக்கு? டிக்கெட் எடுத்துட்டேன்டா.” எடுத்துக் காட்டினான். விளையாட்டாகத்தான் காட்டினான்.

தூணோரமாக நின்று கேட்டான். ‘கிராசிங்’ கடைசிப் பாட்டு. அதற்கு முன்பே கையசைத்துவிட்டுக் கிளம்பினான். முதல் பூசைக்கு நாளை அவன் பாட வேண்டும்.

அவன் நின்ற இடம் சற்று நேரம் காலியாக இருந்தது. பிறகு யாரோ ஒரு கல்லூரிப் பெண் நகர்ந்து வந்து நின்றுகொண்டாள். எல்லா வரியும் அவளுக்குத் தெரிந்திருந்தது.