பனியை அள்ளாத வீடு

1979 நவம்பர் 14, புதன்

இன்று காலையும் என் கணவன் நன்சியோ வண்டியை எடுக்கும்போது குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது. கல்யாணமான புதிதில் என் ஓரகத்தி ஜோசி சொல்லிக்கொடுத்தது இது. "அவரு சாவியத் திருப்புற நேரத்துல முன் ரூம்ல நிக்காதடி வெர்னா. கண்ணாடி தெறிச்சா முகம் போயிரும்." மற்ற ஊர்களில் ஓரகத்திகள் சமையல் சொல்லித் தருவார்கள். யங்ஸ்டவுனில் இதைச் சொல்லித் தருகிறார்கள்.

போன வாரம் மூன்று தெரு தள்ளி டெல்மோவின் வண்டி வெடித்தது. எங்கள் அலமாரியில் தட்டுகள் குலுங்கின. டெல்மோவும் நன்சியோவைப் போலத்தான்: ஊரிலுள்ள பார்களில் சிகரெட் இயந்திரம் வைப்பது, கூடவே சூதாட்டச் சீட்டு எழுதுவது. எங்கள் ஊருக்காக இரண்டு நகரத்துக் கும்பல்கள் அடித்துக்கொள்கின்றன. டெல்மோ கிளீவ்லேண்டுக்காரர்கள் பக்கம். நன்சியோ பிட்ஸ்பர்க்காரர்கள் பக்கம். ஏன் அந்தப் பக்கம் என்று கேட்டால், அவன் அப்பாவும் அந்தப் பக்கம்தானாம். கால்பந்துக் குழுவா இது?

இனி கிளீவ்லேண்டுக்காரர்கள் திருப்பி அடிப்பார்கள். யாரை என்பதுதான் கேள்வி.

நவம்பர் 19, திங்கள்

வியாழக்கிழமை நன்றி நாள் விருந்துக்கு வான்கோழி வாட்டும் தட்டைத் தேடி கராஜுக்குப் போனேன். பழைய சிகரெட் இயந்திரங்கள் அங்கே கூரை வரை அடைந்து கிடக்கின்றன. அதனால்தான் வண்டி வருஷம் முழுக்க வெளியே நிற்கிறது. ஒரு இயந்திரத்தின் பின்கதவு சரியாக மூடவில்லை. உள்ளே சிகரெட் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னப் பொட்டலங்கள். பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லை. மூன்று வருஷமாக ஊரே இந்தப் போதைப்பொடியைப் பற்றித்தான் பேசுகிறது. திரும்பினால் நன்சியோ வாசலில் நிற்கிறான்.

"பொடியா?"

"மெல்லப் பேசு."

"சீட்டு மட்டும்தான், பொடியத் தொட மாட்டோம்னு உங்க கும்பல் பெரியவர் சத்தியம் பண்ணாருன்னு பெருமையா சொல்வியே!"

"அது மில்லு ஓடுன காலம். சம்பளம் வாங்குனவன் சீட்டுப் போட்டான், சிகரெட்டும் வாங்குனான். இப்ப வேலையில்லாம உக்காந்திருக்கிறவன் வாங்குறது இது ஒண்ணுதான். நான் குடுக்கலேன்னா கிளீவ்லேண்டுக்காரன் குடுப்பான்."

"வெக்கமா இல்ல?"

"வான்கோழி எப்படி வந்துச்சுன்னு நினைச்சே?"

நவம்பர் 22, நன்றி நாள்

வான்கோழி நன்றாக வெந்திருந்தது. நானும் சாப்பிட்டேன். பிறகு இல்லையென்று சொல்லக் கூடாது, அதற்காக எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 3, திங்கள்

தினமும் காலையில் நன்சியோ டார்ச்சும் கைப்பிடி வைத்த கண்ணாடியுமாகக் குண்டு தேடி வண்டிக்கடியில் ஊர்கிறான். ஐம்பது வயது மனுஷன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடும் கோட்டோடு. பக்கத்து வீட்டு மிஸ்டர் ஹாலிக் இன்று வேலிக்கு மேலே தலையை நீட்டினார். முப்பத்தோரு வருஷம் உருக்காலையில் வேலை செய்தவர். மில் மூடியபிறகு எந்த வேலை கிடைக்கும் என்று தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் ஓட்டை நீர்க்குழாய், எதிர்வீட்டுக் கதவு, எல்லாம் அவர் கைபட்டதுதான்.

"உங்க வீட்டுக்காரர் தெனம் அடியில என்னம்மா தேடுறாரு?"

என் வாயில் வந்ததைச் சொன்னேன். "முதுகுப் பிடிப்பு. டாக்டர் தரையில படுத்து நீட்டச் சொல்லியிருக்காரு."

"வண்டிக்கடியிலயா?"

"அங்கதான் ஈரம் இல்லயாம்."

நம்பிவிட்டார். "ஐயோ பாவம். எனக்கும் இருந்துச்சு. குனிஞ்சு எதையும் அள்ளக் கூடாதுன்னு சொல்லுங்க, என்ன?"

உள்ளே வந்து சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று!

டிசம்பர் 17, திங்கள்

பனி! முழங்கால் வரை இல்லை, கணுக்கால் வரைதான். ஆனால் நன்சியோவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மாடியிலிருந்து வண்டியைப் பார்த்தான். சுற்றிலும் வெள்ளை, ஒரு கால்தடம் கூட இல்லை. "இனிமே பனிதான் நம்ம வாட்ச்மேன்" என்று காப்பியை நிதானமாகக் குடித்தான். கண்ணாடியும் வேண்டாம், ஊரவும் வேண்டாம். அந்தக் கண்ணாடியை அவன் எப்போதும் நம்பியதில்லை. டெல்மோவும் கண்ணாடி வைத்துப் பார்த்தவர்தான், குண்டை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டார்கள்.

அதனால் எங்கள் வாசலில் பனி அள்ளுவதில்லை. ஜோசி வீட்டிலும் அள்ளுவதில்லை. இந்த ஊரில் எந்த வீட்டு வாசலில் பனி அப்படியே கிடக்கிறதோ, அந்த வீட்டுக்காரன் எதற்கோ பயந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம். தபால்காரருக்குக் கூடத் தெரியும்.

1980 ஜனவரி 6, ஞாயிறு

பூசைக்குக் கிளம்பும்போது போன். எடுத்தது நான். பழக்கமில்லாத ஆண் குரல், மரியாதையாகத்தான் பேசினான். "வண்டி நல்லா ஓடுதாம்மா?" அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

நன்சியோவிடம் சொன்னேன். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டான். பூசைக்குப் போகவில்லை.

ஜனவரி 9, புதன்

காலை எழுந்து திரையை விலக்கினேன்.

ராத்திரி பெய்த பனி தெரு முழுக்கக் கிடக்கிறது. எங்கள் வாசலில் மட்டும் இல்லை. வண்டியைச் சுற்றி, சக்கரத்தைச் சுற்றி, கதவுவரைக்கும் யாரோ சுத்தமாக அள்ளி ஓரமாகக் குவித்திருக்கிறார்கள். மேற்கூரையைக் கூடத் துடைத்திருக்கிறார்கள். மிஸ்டர் ஹாலிக் அகன்ற மண்வாரியோடு நின்று எனக்குக் கையசைத்தார்.

நன்சியோ செருப்போடு வெளியே ஓடினான். "யார்யா உன்ன அள்ளச் சொன்னது? யாரு சொன்னது?"

"முதுகு சரியில்லன்னு உங்க வீட்டம்மா…"

"என் வாசல்ல கால வைக்காத! வேற எவன் கால் வச்சான், பாத்தியா? நீ வர்றதுக்கு முன்னாடி தடம் இருந்துச்சா?"

"இருட்டா இருந்துச்சு சார். நான் பாக்கலியே."

பாவம், அவர் முகம் சிவந்து உள்ளே போய்விட்டார். நன்சியோ என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசம். முதுகு என்று பொய் சொன்னது நான்தானே.

வண்டி நிற்கிறது. தொடவில்லை.

ஜனவரி 10, வியாழன்

இன்றும் தொடவில்லை. மதியம் பெரியவர் ஆள் அனுப்பினார்: நாளை பதினோரு மணிக்கு கிளப்புக்கு வர வேண்டும். டாக்ஸியில் போயேன் என்றேன். "டாக்ஸியில போனா பயந்துட்டான்னு தெரிஞ்சிரும். பயந்தவன் போலீஸ்கிட்டப் போவான்னு அவங்களுக்குள்ள ஒரு நினைப்பு" என்றான். போகாவிட்டாலும் அதே கதிதான். ஒரு பக்கம் கிளீவ்லேண்டு, ஒரு பக்கம் சொந்தக் கும்பல்.

சாப்பிடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் அப்படிப் பார்த்தான்?

ஜனவரி 11, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

காலை ஒன்பதரை. கோட்டு, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு சமையலறை மேஜைக்கு வந்தான். சாவிக்கொத்தை என் பக்கமாகத் தள்ளினான்.

"நீ போய் ஸ்டார்ட் பண்ணிட்டு வா. கொஞ்சம் சூடாகட்டும்."

"நானா?"

"அவங்க பொம்பளைங்களத் தொட மாட்டாங்க வெர்னா."

"குண்டுக்கு அது தெரியுமா?"

"ஒரே ஒரு தடவை. ஒண்ணும் இருக்காது."

"ஒண்ணும் இருக்காதுன்னா நீ போ."

கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான், கடவுளே, இதை எழுதவே கை கூசுகிறது: "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்ன யாரு பாத்துப்பா?"

சாவியை எடுத்தேன். ஏன் எடுத்தே? ஏன்டி எடுத்தே? தெரியல. இருபத்திரண்டு வருஷமா அவன் எதைக் கேட்டாலும் எடுத்துக் குடுத்த கை. அது பாட்டுக்கு எடுத்துருச்சு.

படியில் இறங்கினேன். வேலிப் பக்கம் மிஸ்டர் ஹாலிக். புதன்கிழமை திட்டு வாங்கியும் மனசில் வைத்துக்கொள்ளாமல் வந்தார்.

"இந்தக் குளிர்ல நீங்க ஏம்மா? மூணு நாளா நிக்குது, பேட்டரி செத்திருக்கும். குடுங்க இப்படி."

காய்கறிப் பையை வாங்குவது போல என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். கதவைத் திறந்தார். உட்கார்ந்தார். எல்லாம் ஒரு நொடி.

திரும்பிப் பார்த்தேன். நன்சியோ ஜன்னலில் நின்றான். அவனும் பார்த்தான், யார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்று நன்றாகப் பார்த்தான். கையைத் தூக்குவான், கண்ணாடியைத் தட்டுவான் என்று நினைத்தேன். அவன் ஓரடி பின்னால் போனான். கண்ணாடியை விட்டு, ஓரடி பின்னால்.

கத்தினேன். "இறங்குங்க! திருப்பாதீங்க! குண்டு இருக்கு, குண்டு!" ஓடினேன், வழுக்கி விழுந்தேன், எழுந்து அவர் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தேன். அவர் விரல் சாவியில் இருந்தது. அப்படியே எடுத்துவிட்டார். இறங்கி நின்று என் முழங்காலில் ஒட்டியிருந்த பனியையே பார்த்தார். "என்ன குண்டும்மா?" என்றார், மெதுவாக.

அவர் வீட்டிலிருந்துதான் போலீஸுக்குப் போன் செய்தேன். இந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் யாரும் செய்யாத காரியம். எண்ணை ஒரு தடவை கூடத் தப்பாமல் சுழற்றினேன். அதுதான் ஆச்சரியம்.

தெருவைக் காலி செய்தார்கள். தடித்த கோட்டு போட்ட குண்டு நிபுணர் ஒருவர் வண்டியோடு ஒரு மணி நேரம் போராடினார். தூரத்திலிருந்து கயிறு கட்டி என்ஜின் மூடியைத் திறந்தார், இருக்கையைக் கழற்றினார். கடைசியில் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"ஒண்ணுமில்லம்மா. பேட்டரிதான் செத்துப்போச்சு."

எனக்கு அழுகை வந்தது. நன்சியோவுக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. "பாத்தியா? ஒண்ணுமே இல்ல. ஊரக் கூட்டி மானத்த வாங்கிட்டியேடி!"

"ஒண்ணுமில்லன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

தடித்த கோட்டுக்காரர் கராஜையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றார். நன்சியோ முந்திக்கொண்டான். "அங்க பழைய மிஷின்தான் சார். சாவி எங்கயோ தொலைஞ்சு போச்சு."

சாவிக்கொத்து என்னிடம் இருந்தது. மிஸ்டர் ஹாலிக் திருப்பிக் கொடுத்திருந்தார். வண்டிச் சாவிக்குப் பக்கத்திலேயே கராஜ் சாவி. நன்சியோ என் கையைப் பார்த்தான். காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தானே, அதே பார்வை.

"தொலையல. இந்தாங்க" என்றேன்.

ஜனவரி 12, சனி

அவன் லாக்கப்பில். ஜோசி போன் செய்தாள். "வண்டியில போய் செத்திருந்தாக் கூட நல்ல பேரு மிஞ்சியிருக்கும்டி உனக்கு." உடனே வைத்துவிட்டாள்.

ஜனவரி 20, ஞாயிறு

கோவிலில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. முழு பெஞ்சும் எனக்கு. கோட்டை மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 27, புதன்

அரசாங்க ஆள் ஒருவர் வந்தார். நல்ல மாதிரி, ஷூவை வாசலிலேயே துடைத்துக்கொண்டார். நன்சியோ எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறானாம், பெரியவரிலிருந்து ஆரம்பித்து. சாட்சி சொல்வதால் பாதுகாப்புக்காக அவனுக்குப் புதுப் பெயர், புது ஊர். மனைவியும் போகலாம். இங்கே தனியாக இருப்பது ஆபத்து என்றார். அது எனக்குத் தெரியாதா?

"எந்த ஊரு?"

"போனப்புறம்தாம்மா சொல்லுவோம்."

வெள்ளிக்கிழமை வரை நேரம் கேட்டேன். சாயங்காலம் மிஸ்டர் ஹாலிக்கிடம் சொன்னேன். நான் பக்கத்து வீட்டில் இருப்பது உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். "முப்பத்தோரு வருஷம் உலைக்குப் பக்கத்துல நின்னவன்மா நான்" என்றார். பிறகு, "பயமாத்தான் இருக்கு. ஆனா இருங்க" என்றார்.

போனால் உயிருக்கு உத்தரவாதம். ஆனால் ஒவ்வொரு காலையும் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டும்.

பிப்ரவரி 29, வெள்ளி

நானும் போகிறேன் என்ற தாளில் கையெழுத்துப் போடவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பெரியவர் மேல் போட்ட வழக்கில் கோர்ட்டில் சாட்சி சொன்னேன். கராஜில் என்ன பார்த்தேன், எப்போது பார்த்தேன். நவம்பரிலேயே தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். பயந்து, சாப்பிட்டுக்கொண்டு, சும்மா இருந்தேன் என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 15, ஞாயிறு

காலை பத்து மணிக்குப் போன். அவன் போன் செய்யவே கூடாது, இருந்தும் செய்தான்.

"வெர்னா, நான்தான். எங்க இருக்கேன்னு கேக்காத."

"கேக்கல."

"நல்ல வெயிலு. வீட்டுல எலுமிச்சை மரம் இருக்கு. இப்பக்கூட நீ சொன்னா உன்னக் கூட்டிட்டு வருவாங்க. வந்துருடி."

குரல் இளைத்திருந்தது. பாவமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஐந்து மாதமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"என்னைய அனுப்புன, சரி. ஹாலிக் உள்ள போய் உக்காந்தப்போ ஏன் கத்தல?"

அவன் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"கத்தணும்னுதான் இருந்தேன். சத்தியமா. தொண்டையில சத்தம் வரல."

"எனக்கு வந்துச்சே, நன்சியோ."

அழுதான். எனக்கும் அழுகை வந்தது. போனை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு மாவு பிசைந்தேன். அடுத்த சனிக்கிழமை ஹாலிக்கின் பேத்திக்குக் கல்யாணம். இந்த ஊர்க் கல்யாண விருந்தில் வைக்கும் குக்கீ மேஜைக்கு அக்கம்பக்கத்தில் வீட்டுக்கு வீடு பிஸ்கட் சுடுகிறார்கள், என் பங்கு இருபது டஜன் என்று அவர் சம்சாரம் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.